எரர் வந்தாலும் மோட்டார் நிக்கணும்: க்ளீனப் கோடு கட்டாயம் ஓட என்னென்ன பண்ணணும்

சி, சி ப்ளஸ் ப்ளஸ், ரஸ்ட், கோ லாங்குவேஜ், இதுல ஏதோ ஒண்ணுல லினக்ஸ் மேல ஓடுற ப்ரோக்ராம் எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. நல்லபடியா ஓடுறப்ப ஒரு தொந்தரவும் இல்ல, நடுவுல எரர் வந்து ஃபங்ஷன் பாதியிலயே திரும்பிட்டா மட்டும் ஏதோ ஒண்ணு திறந்தபடி, ஏதோ ஒண்ணு பூட்டினபடி, ஏதோ ஒண்ணு ஓடினபடி நின்னுடுது. அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

நம்ம தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பொருந்துற ஒரு உதாரணத்தையே கடைசி வரைக்கும் வச்சுக்குவோம். வயல்ல மோட்டார் கொட்டகை, உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி, பக்கத்துல ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்ன போர்டு. போர்டுல இருந்து ஒரு ரிலே, அந்த ரிலே ஸ்டார்ட்டர்ல இருக்கிற கான்டாக்டரை இழுக்கும், சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும். டெலிவரி பைப்புல ஒரு ஃப்ளோ மீட்டர், அது சீரியல் போர்ட் வழியா தண்ணி வருதா இல்லையான்னு சொல்லும். மேட்டூரை ஜூன் 12 அன்னிக்கு தொறக்கணும்ங்கிறது வழக்கம், ஆனா எல்லா வருஷமும் அது நடக்கிறதில்ல, தள்ளிப்போற வருஷத்துல குறுவை நாத்தங்காலுக்கு போர்த்தண்ணிதான் கதி, த்ரீ ஃபேஸ் கரண்ட் வர்ற நேரம் பாத்து அர்த்தராத்திரில டார்ச்சோட வரப்புல நடக்கிறதுக்குப் பதிலா போர்டு பாத்துக்கட்டும்னு எழுதுற ப்ரோக்ராம் இது.

ப்ரோக்ராம் வரிசையா அஞ்சு பொருளை எடுக்குது. ஒரே நேரத்துல ரெண்டு காப்பி ஓடக்கூடாதுன்னு ஒரு பூட்டு, ரீடிங் வச்சுக்க கொஞ்சம் மெமரி, ஃப்ளோ மீட்டருக்கான சீரியல் போர்ட், என்ன நடந்துச்சுன்னு எழுத ஒரு பதிவு ஃபைல், கடைசியா ரிலே ஆன். வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும். இதுல எஸ்டி கார்டு நிறைஞ்சு பதிவு எழுத முடியலன்னு ஒரு எரர் வருது, நீங்களும் காலேஜ்ல சொல்லிக்கொடுத்த மாதிரி எரரைச் செக் பண்ணி மைனஸ் ஒண்ணு ரிட்டர்ன் பண்ணிட்டீங்க. ரிலே? அது ஆன்லயே இருக்கு. போர்ல தண்ணி இறங்கிப்போச்சுன்னா மோட்டார் வெறுமனே சுத்தி காயில் கருகும், ரீவைண்டிங் கடையில நிக்கணும்.

முதல் வேலை: எடுத்த பொருள் எதெது, விட்டா யார் திருப்பி எடுப்பா

கோடு எழுதறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதுங்க, நிஜமாவே எழுதுங்க. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல ஒரே கேள்வி: என் ப்ராசஸ் இந்த நிமிஷம் செத்தா இது என்னாகும்?

ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் சிலதைத் தானே திருப்பி எடுத்துக்கும். மெமரி, திறந்திருக்கிற ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு கெர்னல் கொடுக்கிற நம்பர்), சாக்கெட், அந்த டிஸ்கிரிப்டர் மேல ஃப்ளாக் கால் (ஃபைலைப் பூட்டுற சிஸ்டம் கால்) போட்டு எடுத்த பூட்டு, இதெல்லாம் அந்தக் கணக்கு. திருப்பி எடுக்காதது வேற லிஸ்ட்: டெம்ப் டைரக்டரில நீங்க உருவாக்கின ஃபைல், பிராசஸ் நம்பரை எழுதி வச்ச பூட்டு ஃபைல், பேர் வச்ச ஷேர்டு மெமரி, நீங்க கிளப்பிவிட்ட சைல்டு ப்ராசஸ், டேட்டாபேஸ்ல பாதி எழுதின விஷயம், அப்புறம் நம்ம ரிலே. ரிலே பின்னை பழைய சிஸ்எஃப்எஸ் வழியா ஆன் பண்ணியிருந்தா ப்ராசஸ் போனாலும் அது அப்படியே இருக்கும், புது கேரக்டர் டிவைஸ் வழியா பண்ணியிருந்தா டிஸ்கிரிப்டர் மூடினதுக்கு அப்புறம் பின் எந்த நிலைக்குப் போகும்ங்கிறது ட்ரைவரைப் பொறுத்தது, நம்பி உக்கார முடியாது.

இங்க என் அபிப்பிராயம் ஒண்ணு. புத்தகங்கள் எல்லாம் மெமரி லீக்லதான் ஆரம்பிக்கும், புதுசா வர்றவங்களும் ஃப்ரீ போட்டாச்சா ஃப்ரீ போட்டாச்சான்னே பாத்துட்டு இருப்பாங்க. பத்து செகண்ட் ஓடி முடியற ப்ரோக்ராம்ல மெமரி லீக் ஒரு பெரிய பாவம் இல்ல, கெர்னல் பாத்துக்கும். கெர்னல் பாத்துக்காத லிஸ்ட்டுலதான் முதல்ல கவனம் போகணும். மாசக்கணக்கா ஓடுற டீமனா இருந்தா கதை வேற, அங்க மெமரியும் கொல்லும், டிஸ்கிரிப்டரும் கொல்லும். ஒரு ப்ராசஸுக்கு சாதாரணமா 1024 டிஸ்கிரிப்டர்தான் வரம்பு, எரர் வர்றப்ப எல்லாம் ஒண்ணு மூடாம விட்டா ஒரு நாள் ஓபன் கால் எல்லாமே தோத்துப்போகும், அப்ப வர்ற எரருக்கும் நிஜமான காரணத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ரெண்டாவது வேலை: சி-ல வெளியேற ஒரே வாசல்

லேப்ல "கோடூ போடவே கூடாது"ன்னு மார்க் குறைச்சிருப்பாங்க (கோடூன்னா ஒரு லேபிளுக்கு நேரா குதிக்கிற வரி). லூப்புக்குப் பதிலா அங்கயும் இங்கயும் குதிக்கிற கோடூவுக்கு அது சரி. எரர் வந்தா கீழ இருக்கிற க்ளீனப்புக்குக் குதிக்கிறதுக்கு சி-ல கோடூவைவிட தெளிவான வழி கிடையாது, லினக்ஸ் கெர்னலோட கோடிங் ஸ்டைல் டாக்குமெண்டே இதுக்குன்னு ஒரு பகுதி ஒதுக்கி இப்படி எழுதுங்கன்னு சொல்லுது. நம்ம ப்ரோக்ராமோட எலும்புக்கூடு இது:

முடிவு = -1
பூட்டை எடு, கிடைக்கலன்னா கோடூ வெளியே
பஃபர் வாங்கு, கிடைக்கலன்னா கோடூ பூட்டை_விடு
சீரியல் போர்ட்டைத் திற. முடியலன்னா கோடூ பஃபரை_விடு
பதிவு ஃபைலைத் திற. முடியலன்னா கோடூ போர்ட்டை_மூடு
ரிலேயை ஆன் பண்ணு. முடியலன்னா கோடூ ரிலேயை_நிறுத்து
தண்ணி பாய்ச்சு, எரர்னா கோடூ ரிலேயை_நிறுத்து
முடிவு = 0
ரிலேயை_நிறுத்து: ரிலே ஆஃப்
பதிவை_மூடு: பதிவு ஃபைலை மூடு
போர்ட்டை_மூடு: சீரியல் போர்ட்டை மூடு
பஃபரை_விடு: ஃப்ரீ
பூட்டை_விடு: பூட்டை விடு
வெளியே: முடிவைத் திருப்பிக் கொடு

எடுத்த வரிசைக்கு நேர் தலைகீழா விடுறோம். கல்யாணப் பந்தல் பிரிக்கிறவரு மேல இருக்கிற கீத்தை அவுத்துட்டுத்தான் கால் மூங்கிலைப் புடுங்குவாரு, அதே கணக்குதான், பின்னாடி வந்தது முன்னாடி இருக்கிறத நம்பி நிக்குது. நம்ம கேஸ்ல இன்னொரு லாபமும் இருக்கு, ரிலேயைக் கடைசியா எடுத்ததால அதுதான் முதல்ல ஆஃப் ஆகும். ஆபத்தான பொருளைக் கடைசியா எடுங்க, மீதி எல்லாம் கைக்கு வந்தப்புறம்.

வெற்றியா முடிஞ்ச வழியும் அதே க்ளீனப் வழியாத்தான் கீழ இறங்குதுன்னு கவனிச்சீங்களா, தனியா ஒரு க்ளீனப் எழுதல. தனியா எழுதினா ஆறு மாசத்துல ஒண்ணுல திருத்தி இன்னொண்ணுல விட்டுடுவோம். அப்புறம் ரிலே ஆன் பண்ற கால் தோத்தாக்கூட ரிலேயை_நிறுத்து லேபிளுக்குத்தான் போறோம், ஏன்னா தோத்துச்சுன்னு சொன்ன கால் பாதி வேலையைப் பண்ணிட்டும் தோத்திருக்கலாம், ஆஃப் ஆயிருக்கிற ரிலேயை இன்னொரு தடவை ஆஃப் பண்றதால நஷ்டம் இல்ல. அதனால "பதிவை_மூடு" லேபிளுக்கு இப்போதைக்கு யாருமே குதிக்கல, கம்பைலர் அதைப் பத்தி முணுமுணுத்தா அந்த ஒரு லேபிளை மட்டும் எடுத்துடுங்க, கீழ இருக்கிற வேலை அப்படியே இருக்கட்டும்.

லேபிள் பேரு எரர்1, எரர்2ன்னு வைக்காதீங்க. நடுவுல ஒரு பொருளை நுழைச்சா நம்பர் எல்லாம் மாறணும். அங்க என்ன நடக்குதோ அதையே பேரா வைங்க.

இதுக்கு மாத்தா இன்னொரு முறை இருக்கு, ஒரே லேபிள் வச்சு எல்லா டிஸ்கிரிப்டரையும் ஆரம்பத்துலயே -1ன்னும் பாயிண்டரை நல்-ன்னும் வச்சுட்டு, கீழ வந்து -1 இல்லன்னா மட்டும் மூடு அப்படின்னு எழுதுறது. நல்-லை ஃப்ரீ பண்ணினா ஒண்ணும் ஆகாதுன்னு சி ஸ்டாண்டர்டே சொல்லுது. மூணு நாலு பொருள் இருக்கிற சின்ன ஃபங்ஷனுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனா டிஸ்கிரிப்டரை 0ன்னு ஆரம்பிச்சுடாதீங்க, 0ங்கிறது ஸ்டாண்டர்டு இன்புட், அதைப் போய் மூடிட்டு ராத்திரி பூரா தேடுவீங்க.

மூணாவது வேலை: எரர் நம்பரைக் காப்பாத்துறது

க்ளீனப் ஓடிச்சு, ஆனா என்ன எரர்னு வெளியே சரியாப் போகலன்னா பாதி வேலைதான் நடந்திருக்கு. எர்நோ-ங்கிறது அடுத்தடுத்த கால்கள் மேல எழுதிட்டே போற ஒரு இடம், ரீட் தோத்ததுக்கு காரணம் அதுல இருக்கு, நீங்க க்ளீனப்ல க்ளோஸ் கூப்பிட்டு அது தோத்தா பழைய காரணம் அழிஞ்சுபோகும். அதனால எரர் வந்த அந்த இடத்துலயே வேற வேரியபிள்ல எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் குதிங்க.

2014 பிப்ரவரில ஆப்பிள் அவசரமா ஒரு ஐஓஎஸ் அப்டேட் விட்டாங்க, காரணம் எஸ்எஸ்எல் கோடுல "கோடூ ஃபெயில்"ங்கிற வரி தவறுதலா ரெண்டு தடவை இருந்தது. முதல் வரி இஃப்புக்கு உள்ள, ரெண்டாவது வரி இஃப்புக்கு வெளிய, ப்ராக்கெட் போடாததால எப்பவுமே குதிச்சுடும். குதிச்ச இடத்துல க்ளீனப் அழகா ஓடிச்சு, மெமரி எல்லாம் ஒழுங்கா விட்டாச்சு. ஆனா அந்த நேரத்துல எரர் வேரியபிள்ல 0 இருந்தது, அதாவது வெற்றி, கையெழுத்தைச் செக் பண்ற கடைசி வேலை நடக்காமலேயே "எல்லாம் சரி"ன்னு பதில் போச்சு. கோடூவைத் திட்ட இதைக் காட்டுறவங்க இருக்காங்க, நான் அப்படிப் பாக்கல. மேல இருக்கிற எலும்புக்கூட்டுல முடிவு -1ன்னு ஆரம்பிச்சு, கடைசி வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் மட்டும் 0 ஆகுது பாருங்க, வேணும்னே அப்படி வச்சது. தோல்வின்னு ஆரம்பிச்சு வெற்றியை சம்பாதிக்கணும். ஒரு வரி இஃப்புக்கும் ப்ராக்கெட் போடுங்க.

நாலாவது வேலை: லாங்குவேஜ் கிட்டயே பொறுப்பைக் கொடுக்கிறது

மேல பாத்தது எல்லாம் மனுஷன் ஞாபகத்தை நம்புற முறை. எடுக்கிற வரிக்குப் பக்கத்துலயே விடுற வரியையும் எழுதிட்டு, எந்த வழியா வெளிய போனாலும் ஓட்டுறது உன் பொறுப்புன்னு லாங்குவேஜ் கிட்ட சொல்ல முடிஞ்சா அதைவிட நல்லது. ஒவ்வொண்ணுலயும் எப்படி, எங்க சறுக்கும்னு மட்டும் சொல்றேன்.

சி-லயே ஜிசிசி, க்ளாங் ரெண்டுலயும் க்ளீனப் ஆட்ரிப்யூட்னு ஒண்ணு இருக்கு, வேரியபிள் ஸ்கோப்பை விட்டு வெளிய போறப்ப நீங்க சொன்ன ஃபங்ஷனை கம்பைலரே கூப்பிடும். ஸ்டாண்டர்டு சி இல்ல, ஆனா லினக்ஸ்ல சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்துற சிஸ்டம்டி முழுக்க இதை நம்பித்தான் எழுதியிருக்கு, லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே 2023-ல 6.5 வெர்ஷன்ல இதுக்கான ஹெடர் வந்தாச்சு. புதுசா வர்றவங்க மாட்டுற இடம் ஒண்ணு: ஃபங்ஷன் வெற்றியா முடிஞ்சு அந்த பாயிண்டரைக் கூப்பிட்டவங்க கிட்ட ஒப்படைக்கணும்னா, ரிட்டர்ன் பண்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற வேரியபிளை நல் ஆக்கணும், இல்லன்னா விட்ட மெமரியைக் கையில கொடுத்து அனுப்பிடுவீங்க. லாங்ஜம்ப் போட்டுத் தாண்டினா இது ஓடாது, எக்ஸிட் கூப்பிட்டாலும் ஓடாது.

சி ப்ளஸ் ப்ளஸ்ல ஃபைனலி கிடையாது, தேவையும் இல்ல, டிஸ்ட்ரக்டர்தான் எல்லாம். ரிலேக்கு ஒரு கிளாஸ், கன்ஸ்ட்ரக்டர்ல ஆன், டிஸ்ட்ரக்டர்ல ஆஃப். எக்ஸப்ஷன் வந்தா ஸ்டாக் பிரியறப்ப டிஸ்ட்ரக்டர் ஓடும். ஆனா இதுல ஒரு குழி இருக்கு, பலருக்கும் தெரியாது: அந்த எக்ஸப்ஷனை எங்கயுமே யாருமே கேட்ச் பண்ணலன்னா, ப்ரோக்ராம் சாகறதுக்கு முன்னாடி ஸ்டாக்கைப் பிரிக்கணுமா வேணாமாங்கிறதை ஸ்டாண்டர்டு கம்பைலர் செய்றவங்க இஷ்டத்துக்கே விட்டுடுச்சு. பிரிக்கலன்னா டிஸ்ட்ரக்டர் ஓடாது, ரிலே ஆன். அதனால மெயின்ல சுத்தி ஒரு ட்ரை கேட்ச் போட்டுடுங்க, கேட்ச்ல ஒண்ணும் பண்ண வேண்டாம், எரரை எழுதிட்டு வெளிய போனா போதும். இன்னொண்ணு, கன்ஸ்ட்ரக்டர் நடுவுலயே எக்ஸப்ஷன் வந்தா அந்த ஆப்ஜெக்டோட டிஸ்ட்ரக்டர் ஓடாது, அதுக்குள்ள முழுசா உருவாகின மெம்பரோட டிஸ்ட்ரக்டர் மட்டும்தான் ஓடும். ஒரு கிளாஸ் ஒரு பொருளை மட்டும் வச்சிருக்கட்டும், அஞ்சையும் ஒரே கிளாஸ்ல திணிக்காதீங்க.

ரஸ்ட்ல ட்ராப். கேள்விக்குறி போட்டு எரரை மேல அனுப்பினாலும், நடுவுல ரிட்டர்ன் பண்ணினாலும் தானே ஓடும், சுகமா இருக்கும், அந்த சுகத்துலதான் ஏமாறுவோம். பூட்டோட கார்டை (பூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற பொருள், அது ட்ராப் ஆனா பூட்டு திறந்துடும்) வெறும் அண்டர்ஸ்கோர்ல வாங்கினீங்கன்னா அது அந்த வரியிலயே ட்ராப் ஆயிடும், அதாவது பூட்டின கையோட திறந்துட்டீங்க; அண்டர்ஸ்கோருக்குப் பின்னாடி ஒரு பேர் வச்சீங்கன்னா ஸ்கோப் முடியற வரைக்கும் நிக்கும். ரெண்டுக்கும் கண்ணால பாக்க சில எழுத்துதான் வித்தியாசம். கார்கோ ஃபைல்ல பேனிக்கை அபார்ட்னு வச்சிருந்தா பேனிக் வர்றப்ப ட்ராப் எதுவும் ஓடாது, சின்ன போர்டுக்கு பைனரி சைஸ் குறையணும்னு யாராவது அதை வச்சிருப்பாங்க, போய்ப் பாருங்க. அப்புறம் லோக்கல் வேரியபிள்கள் தலைகீழ் வரிசையில ட்ராப் ஆகும், ஆனா ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருக்கிற ஃபீல்டுகள் எழுதின வரிசையிலயே ட்ராப் ஆகும். சி ப்ளஸ் ப்ளஸ்ல இருந்து வர்றவங்க இங்க கட்டாயம் தடுக்கி விழுவாங்க, அங்க மெம்பர்களும் தலைகீழ்தான். நம்ம அஞ்சு பொருளையும் ரஸ்ட் ஸ்ட்ரக்ட்ல வச்சா ரிலே முதல் ஃபீல்டா இருக்கணும்.

கோ லாங்குவேஜ்ல டிஃபர். எடுத்த அடுத்த வரியிலயே டிஃபர் போட்டுப் பழகுங்க, எரர் செக் பண்ணினதுக்கு அப்புறம். இது ஃபங்ஷன் முடியறப்பத்தான் ஓடும், ப்ளாக் முடியறப்ப இல்ல, ஆயிரம் ஃபைலை லூப்ல திறந்து உள்ள டிஃபர் போட்டா ஆயிரமும் கடைசி வரைக்கும் திறந்தே இருக்கும், லூப் உடம்பைத் தனி ஃபங்ஷன் ஆக்கிடுங்க. பதிவு எழுதுற லாக் பேக்கேஜ்ல ஃபேட்டல்னு ஒரு கால் இருக்கு பாருங்க, அது உள்ளுக்குள்ள எக்ஸிட் கூப்பிடுது, டிஃபர் ஒண்ணும் ஓடாது, மெயினைத் தவிர வேற எங்கயும் அதைத் தொடாதீங்க, மெயின்லயும் டிஃபர் போடறதுக்கு முன்னாடி மட்டும். இன்னொரு கோரூட்டீன்ல (கோ-வோட த்ரெட் மாதிரி) பேனிக் வந்து யாரும் பிடிக்கலன்னா ப்ராசஸே போயிடும், மெயின்ல நீங்க போட்ட டிஃபர் ஓட வாய்ப்பே கிடைக்காது.

ஸிக்-னு இன்னொரு லாங்குவேஜ் இருக்கு, அதுல டிஃபர் ப்ளாக் முடியறப்பவே ஓடும், கூடவே எரர்டிஃபர்னு எரர் வந்தா மட்டும் ஓடுறது ஒண்ணு இருக்கு. வெற்றின்னா பொருளை வெளிய கொடு, தோல்வின்னா இங்கயே விடுங்கிற வேலைக்கு அது கச்சிதம், மத்தவங்களும் எடுத்துக்கலாம்.

ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதுறவங்களுக்கு: பாஷ்ல ட்ராப் கமாண்டோட (ரஸ்ட்ல பாத்த ட்ராப் இல்ல, இது பொறிங்கிற ட்ராப்) எக்ஸிட் போட்டா போதும்.

அஞ்சாவது வேலை: க்ளீனப்பே தோத்தா

க்ளோஸ் தோக்கலாம். பஃபர்ல இருந்தது டிஸ்க்குக்குப் போகாம இருக்கலாம். ரஸ்ட்ல ஃபைல் ட்ராப் ஆகுறப்ப வர்ற எரரை அமைதியா முழுங்கிடும், பஃப்ரைட்டரும் அப்படியே, ட்ராப் எரரைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்ல. சி ப்ளஸ் ப்ளஸ் 11-ல இருந்து டிஸ்ட்ரக்டர்ல இருந்து எக்ஸப்ஷன் வெளிய போனா நேரா டெர்மினேட். ஆகவே முறை இப்படி: நல்லபடியா முடியற வழியில ஃப்ளஷ், எஃப்சிங்க் (பஃபர்ல இருக்கிறதை டிஸ்க்குக்கு அனுப்புற கால்கள்) எல்லாம் நீங்களே கூப்பிட்டு எரரைப் பாருங்க, டிஸ்ட்ரக்டரும் ட்ராப்பும் டிஃபரும் எரர் வழிக்கான கடைசி வலை மட்டும். அந்த வலைக்குள்ள மெமரி கேக்கிறது, நெட்வொர்க்குக்கு எழுதுறது, பூட்டுக்காகக் காத்திருக்கிறது எதுவும் வேண்டாம். ஒரு பொருளை விடறது தோத்தாலும் மீதியை விடறதை நிறுத்தாதீங்க, பதிவு ஃபைல் மூட முடியலங்கிறதுக்காக ரிலே ஆன்ல நிக்கக்கூடாது.

லினக்ஸ்ல க்ளோஸ் இன்டரப்ட் ஆயி தோத்துச்சுன்னா திரும்பக் கூப்பிடாதீங்க. டிஸ்கிரிப்டர் ஏற்கனவே விடுபட்டாச்சு, அதுக்குள்ள இன்னொரு த்ரெட் அதே நம்பரை வாங்கியிருந்தா அவங்க ஃபைலை நீங்க மூடுவீங்க.

ஆறாவது வேலை: சிக்னல்

கன்ட்ரோல் சி அடிச்சா சிக்இன்ட், சிஸ்டம்டி நிறுத்தினா சிக்டெர்ம். ரெண்டுக்கும் நீங்க ஒண்ணும் எழுதலன்னா ப்ராசஸ் அங்கயே முடிஞ்சுடும், டிஸ்ட்ரக்டர், ட்ராப், டிஃபர், அட்எக்ஸிட் ஒண்ணுமே ஓடாது. ரஸ்ட்லதான் எழுதினேன், கோலதான் எழுதினேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, இது எல்லாருக்கும்.

உடனே எல்லாரும் பண்றது, சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளயே ப்ரிண்ட்எஃப், ஃப்ரீ, ரிலே ஆஃப் எல்லாத்தையும் எழுதுறது. அது பெரிய தொல்லை. மால்லாக் நடுவுல இருக்கிறப்ப சிக்னல் வந்து ஹேண்ட்லருக்குள்ள நீங்க ஃப்ரீ கூப்பிட்டா உள்ள இருக்கிற பூட்டுலயே மாட்டி ப்ரோக்ராம் தொங்கும், அதுவும் எப்பவோ ஒரு தடவைதான் தொங்கும், கண்டுபிடிக்கவே முடியாது. ஹேண்ட்லருக்குள்ள ஒரு கொடி வேரியபிளை 1 ஆக்குங்க, அவ்ளோதான். மெயின் லூப் அந்தக் கொடியைப் பாத்து சாதாரண எரர் வந்த மாதிரியே மேல சொன்ன வாசல் வழியா வெளிய போகட்டும். சிக்ஆக்ஷன்ல ரீஸ்டார்ட் கொடியைப் போடாதீங்க, அப்பத்தான் ரீட்ல காத்துட்டு இருக்கிறது சிக்னலுக்கு எழுந்திரிக்கும். கொடியைப் பாத்ததுக்கும் ரீட்ல போய் உக்காந்ததுக்கும் நடுவுல இருக்கிற துளி நேரத்துல சிக்னல் வந்தா தவறிடும், அது வேணாம்னா சிக்னல்எஃப்டி போட்டு போல்-ங்கிற சிஸ்டம் கால்ல சேத்துக்கலாம். கோ-ல கான்டெக்ஸ்டோட சிக்னலை இணைக்க ரெடியாவே ஃபங்ஷன் இருக்கு.

சிக்பைப்பையும் மறக்காதீங்க. எதிர்ப்பக்கம் மூடின சாக்கெட்ல எழுதினா சி ப்ரோக்ராம் ஒரு வார்த்தை சொல்லாம செத்துடும், க்ளீனப் இல்ல. ஆரம்பத்துலயே அதை இக்னோர் பண்ணிட்டா எழுதுற கால் சாதாரண எரரா திருப்பிக் கொடுக்கும்.

ஏழாவது வேலை: க்ளீனப் ஓடவே ஓடாதுன்னு வச்சு எழுதுறது

இதுவரைக்கும் சொன்ன எதுவும் கில் -9 முன்னாடி நிக்காது. சிக்கில்லைப் பிடிக்க முடியாது. அதை நீங்க அடிக்கலன்னாலும் வேற ஆள் அடிப்பாங்க: மெமரி தீந்தா கெர்னலோட ஓஓஎம் கில்லர், சிக்டெர்ம் கொடுத்தும் நிக்கலன்னா சாதாரணமா 90 செகண்ட் கழிச்சு சிஸ்டம்டி. அப்புறம் கரண்ட். நம்ம ஊர்ல கரண்ட் போறதை ஒரு அபூர்வ நிகழ்ச்சியா யாரும் நினைக்க முடியாது, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப டெல்டால போஸ்ட் எல்லாம் சாஞ்சு பல ஊருக்கு வாரக்கணக்கா கரண்ட் இல்ல. போர்டுக்கு எல்லா நேரமும் கரண்ட் இருக்கும்னு நினைச்சு எழுதின கோடு இங்க ஒரு மாசம் தாங்காது.

என்னைக் கேட்டா புதுசா வர்றவங்க முதல்ல படிக்க வேண்டிய பகுதியே இதுதான், ஆனா மேல இருக்கிறது தெரியாம இது புரியாதுங்கிறதால கீழ வச்சேன்.

பூட்டுக்கு ப்ராசஸ் நம்பர் எழுதின ஃபைலை நம்பாதீங்க, ப்ராசஸ் செத்தா ஃபைல் நின்னுடும், அடுத்த தடவை ப்ரோக்ராம் கிளம்பாது, விடியற்காலையில போன் வரும். ஃபைலைத் திறந்து ஃப்ளாக் போடுங்க, ஃபைல் அங்கயே கிடந்தாலும் பூட்டு கெர்னல் கிட்ட இருக்கு, ப்ராசஸோட போயிடும். திறக்கறப்ப க்ளோஸ் ஆன் எக்ஸெக் கொடியையும் சேத்துப் போடுங்க, இல்லன்னா நீங்க கிளப்பின சைல்டு ப்ரோக்ராம் அந்த டிஸ்கிரிப்டரை வச்சுக்கிட்டு பூட்டை விடாம உக்காந்திருக்கும்.

டெம்ப் ஃபைலா, திறந்த உடனே அன்லிங்க் பண்ணிடுங்க. பேர் போயிடும், டிஸ்கிரிப்டர் இருக்கிற வரைக்கும் ஃபைலும் இருக்கும், ப்ராசஸ் போனா இடமும் திரும்ப வந்துடும். லினக்ஸ் 3.11-ல இருந்து பேரே இல்லாம டெம்ப் ஃபைல் திறக்க ஓபன் காலுக்கே ஒரு கொடி இருக்கு, எல்லா ஃபைல்சிஸ்டத்துலயும் வேலை செய்யாது.

செட்டிங்ஸ் ஃபைலை மேலயே திருத்தி எழுதாதீங்க. பக்கத்துல புது ஃபைல், எஃப்சிங்க், பழைய பேருக்கு ரீநேம், அப்புறம் டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். எந்த நொடியில கரண்ட் போனாலும் பழசு முழுசா இருக்கும் இல்ல புதுசு முழுசா இருக்கும்.

சிஸ்டம்டி யூனிட் ஃபைல்ல எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்னு ஒரு வரி இருக்கு, ப்ராசஸ் ஒழுங்கா நின்னாலும், க்ராஷ் ஆனாலும், கில் -9ல செத்தாலும் அது ஓடும். ரிலேயை ஆஃப் பண்ற ஒரு குட்டி ப்ரோக்ராமை அங்க வைங்க. பக்கத்துல இருக்கிற எக்ஸெக்ஸ்டாப்போட குழப்பிக்காதீங்க, சர்வீஸ் ஒழுங்கா கிளம்பாமலே தோத்திருந்தா அது ஓடாது. உங்க மெயின் ப்ரோக்ராமும் எழுந்ததும் பண்ற முதல் வேலை ரிலே ஆஃப்பா இருக்கட்டும், போன தடவை எப்படிச் செத்தோம்னு யோசிக்கவே வேண்டாம்.

கெர்னலே உறைஞ்சு போனா? போர்டுல ஹார்டுவேர் வாட்ச்டாக் இருக்கும், சில செகண்டுக்கு ஒரு தடவை அதைத் தட்டிக்கொடுத்துட்டே இருக்கணும், நிறுத்தினா போர்டை ரீசெட் பண்ணும். தட்டிக்கொடுக்கிற வேலையைத் தனி த்ரெட்ல வைக்காதீங்க, மெயின் லூப் தொங்கிப்போனாலும் அந்த த்ரெட் பாட்டுக்கு தட்டிட்டே இருக்கும். ஃப்ளோ மீட்டர் ரீடிங் ஒழுங்கா வந்துச்சா, ரிலே நிலை சரியான்னு பாத்த அப்புறம்தான் ஒரு தட்டு.

ரீசெட் ஆகுற நேரத்துல பின் எல்லாம் சாதாரணமா இன்புட்டா மாறிடும், நம்ம கோடு அதை ஓட்டாது. அந்த நிலையில ரிலே விழுந்துடணும், அதாவது சிக்னல் இருந்தாத்தான் ஓடணும், சிக்னல் இல்லன்னா நிக்கணும். கடையில கிடைக்கிற ரிலே போர்டு பலது ஆக்டிவ் லோ, பின் 0 ஆனாத்தான் ரிலே இழுக்கும், வாங்கினதும் பின் வயரைக் கழட்டிட்டுப் பாருங்க. வயரிங்கை நார்மலி ஓபன் (ரிலே இழுத்தாத்தான் சேர்ற) பக்கம்தான் கொடுக்கணும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ட்ரை ரன் ப்ரிவென்டரும் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டரும் தனியா இருக்கட்டும், உங்க கோடு எவ்ளோ நல்லா இருந்தாலும் அதை எடுக்கச் சொல்லாதீங்க. 415 வோல்ட் பக்கம் கை வைக்கிறது வயர்மேன் வேலை.

எட்டாவது வேலை: எரரை நீங்களே வரவழைச்சுப் பாக்கிறது

எரர் வழி கோடு சாதாரணமா ஓடவே ஓடாது, அதனாலதான் அதுல பக் தங்கியிருக்கும். பதிவு ஃபைலுக்குப் பதிலா ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் ஃபுல்-ங்கிற டிவைஸைக் கொடுங்க, எழுதினா எப்பவும் டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு எரர் தரும், எஸ்டி கார்டை நிறைக்க வேண்டியதில்ல. சிஸ்டம் கால்களைக் கவனிக்கிற எஸ்ட்ரேஸ்ல இன்ஜெக்ட்னு ஒரு ஆப்ஷன், எந்த சிஸ்டம் கால் எத்தனாவது தடவை என்ன எரரோட தோக்கணும்னு சொல்லலாம். ஓபன் கால் முதல் தடவை தோக்கட்டும், அப்புறம் ரெண்டாவது தடவை, அப்புறம் மூணாவதுன்னு ஒரு சின்ன ஷெல் லூப் எழுதி ஓட்டினா ஓபன் தோத்தா போற கோடூ எல்லாம் ஒரு தடவையாவது ஓடிடும். மெமரி தப்பைப் பிடிக்கிற அட்ரஸ் சானிடைசர் போட்டு கம்பைல் பண்ணிட்டு ஓட்டினா ரெண்டு தடவை ஃப்ரீ பண்ணினது, விட்டதைத் தொட்டது எல்லாம் வெளிய வரும், லீக் செக் மட்டும் எஸ்ட்ரேஸ் இல்லாம ஓட்டறப்பத்தான் வேலை செய்யும். ஃபங்ஷனைக் கூப்பிடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் செல்ஃப் ஸ்லாஷ் எஃப்டி-ல எத்தனை பேர் இருக்குன்னு எண்ணுங்க, கூடியிருந்தா எதையோ மூடல.

கடைசியா டேபிள் மேல வச்சு, மோட்டாருக்குப் பதிலா ரிலேயில ஒரு பல்பை மாட்டுங்க. பல்பு எரியறப்ப கன்ட்ரோல் சி அடிங்க, அணையணும். சிக்டெர்ம் அனுப்புங்க, அணையணும். கில் -9 அடிங்க, எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட் வந்து அணைக்கணும். ப்ராசஸை சிக்ஸ்டாப் கொடுத்து உறைய வைங்க, வாட்ச்டாக் போர்டை ரீசெட் பண்றப்ப அணையணும், திரும்ப போர்டு எழுந்திரிக்கிற நேரத்துல ஒரு நொடிகூட மினுக்கக்கூடாது. போர்டோட சப்ளையைப் புடுங்குங்க, ரிலேயோட காயிலுக்கு வேற சப்ளை கொடுத்திருந்தா அது இருக்கிறப்பவும் இல்லாதப்பவும் ரெண்டு விதமாவும் பாருங்க. இதுல ஏதாவது ஒண்ணுல பல்பு எரிஞ்சுட்டே இருந்தா வயலுக்குக் கொண்டுபோகாதீங்க.